தையல் காசும் தாளக் காசும்



இஸ்லாமியப் பாடல் கச்சேரி நடக்கும் ஊரில் ஒட்டப்படும் சுவரொட்டியில் பாடகரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், பந்தல் அமைப்பவர் ஆகியோரின் பெயர்களும் இருக்கும். தாளம் வாசிப்பவனின் பெயர் இராது. ‘மற்றும் குழுவினர்’ என்ற இரண்டு சொற்களுக்குள் அவன் அடங்கிவிடுவான். 1972 முதல் 2020 வரை 48 ஆண்டுகள் அந்த இரண்டு சொற்களுக்குள் வாழ்ந்தவன் நான். தப்லா, டோலக், பாங்கோ, தஃப் என்று தோல் கட்டிய கருவி எதுவாயினும் என் மடிக்கு வந்துபோயிருக்கிறது.

அண்மைக்காலமாக இளைஞர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “நீங்கள் வாசித்தது மார்க்கத்தில் கூடுமா, கூடாதா?” அது ஆலிம்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அவர்களின் இடத்தில் அமர எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டே ஒரு குடும்பம் எப்படிச் சோறு உண்டது, எப்படித் தொழுதது, எப்படிப் பிள்ளைகளை வளர்த்தது என்பதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. அதை மட்டும் எழுதுகிறேன்.

நான் பிறந்தது 1954ஆம் ஆண்டு, நாகூரை அடுத்த கடலோரச் சிற்றூர் ஒன்றில். கைக்கடிகாரம் கட்டியவர்கள் எங்கள் தெருவில் இருவரோ மூவரோதான். தொழுகை நேரத்தை எங்களுக்கு அறிவித்தது பள்ளிவாசலின் நகரா. மோதினார் பாங்கு சொல்வதற்கு முன் அந்தப் பெரிய முரசை அடிப்பார். வயலில் நிற்பவனுக்கும் கடற்கரையில் வலை உலர்த்துபவனுக்கும் முதலில் எட்டுவது அந்த ஒலிதான். ரமளான் வந்துவிட்டால் பின்னிரவில் பக்கீர்சா ஒருவர் தாயிராவைத் தட்டிப் பாடியபடி தெருத்தெருவாக வருவார். அவருடைய தட்டல் எங்கள் வாசலை நெருங்கும்போது உம்மா அடுப்பு மூட்டியிருப்பார். ஆக, தோலின் ஒலி என் செவியில் முதன்முதலாக விழுந்தது ‘எழுந்திரு, நேரமாகிவிட்டது’ என்ற அழைப்பாகவே. பிற்காலத்தில் நான் எத்தனையோ மேடைகளில் வாசித்திருக்கிறேன். அந்த நகராவைவிடப் பயனுள்ள தாளத்தை வாசித்ததாக எனக்கு நினைவில்லை. ஒலிபெருக்கி வந்தது, நகரா மூலைக்குப் போயிற்று, சில ஊர்களில் சுவடின்றி மறைந்தும் போயிற்று.

வாப்பா தையற்காரர். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பன்னிரண்டு வயதில் அவருடைய கடையில் காஜா கட்ட உட்கார்ந்தேன். காலால் மிதிக்கும் இயந்திரத்தில் தையல் பழகுபவன் முதலில் கற்க வேண்டியது துணியை வெட்டுவதை அன்று. ஒரே சீராக மிதிப்பதை. மிதி தடுமாறினால் நூல் அறும். “கால் ஓடக்கூடாது, நடக்க வேண்டும்” என்பார் வாப்பா. தாளத்தில் நான் பெற்ற முதல் பாடம் அதுதான் என்பது வாப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

இரண்டாம் பாடம் எங்கள் கடைக்குச் சட்டை தைக்க வரும் ஒரு தவில் வித்துவானிடமிருந்து கிடைத்தது. எங்கள் வட்டாரத்தில் மார்க்கம் வேறானாலும் மேளத்தைக் கேட்கும் காது ஒன்றாகவே இருந்தது. கந்தூரி நாள்களில் நாதசுரமும் தவிலும் நாகூருக்கு வருவது பழைய வழக்கம். நாதசுர மேதைகளுள் ஒருவராகிய ஷேக் சின்ன மௌலானா அவர்கள் ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்து 1999இல் மறைந்ததை அறிந்தவர்களுக்கு நான் சொல்வது வியப்பாக இராது. அந்தத் தவில்காரர் என் கை மேசையில் தட்டுவதைப் பார்த்துவிட்டு, “தம்பி, வாயால் சொல்ல முடியாததைக் கையால் வாசிக்க முடியாது. முதலில் சொல்” என்றார். மூன்று ஆண்டுகள் நான் எந்தக் கருவியையும் தொடவில்லை. துணிக்குப் பொத்தான் வைத்துக்கொண்டே சொற்கட்டுகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்லாவை வேறோர் ஆசானிடம் பிறகு கற்றேன். எட்டு எண்ணிக்கை கொண்ட கஹர்வாவும் ஆறு எண்ணிக்கை கொண்ட தாத்ராவும் என் கைக்கு வந்தன. தமிழ் முஸ்லிம் மேடைகளில் பாடப்படும் பாடல்களில் பெரும்பாலானவற்றை இந்த இரண்டு தாளங்களைக் கொண்டே தாங்கிவிடலாம்.

அது நாகூர் ஈ.எம். ஹனீஃபா அவர்களின் குரல் தமிழகத்தை ஆண்ட காலம். 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அம்மனிதரின் குரல் திறந்த திடலின் கடைசி வரிசை வரை சென்று விழும். அவரைப் போலப் பாட வேண்டும் என்று ஊருக்கு ஊர் இளைஞர்கள் புறப்பட்டார்கள். மீலாது விழாக்களுக்கும் திருமணங்களுக்கும் கந்தூரிகளுக்கும் சின்னச் சின்னக் குழுக்கள் தோன்றின. அப்படிப்பட்ட ஒன்றில் 1972இல் நான் சேர்ந்தேன். பாடகர் ஒருவர், உடன்பாடுபவர் இருவர், ஆர்மோனியம், தப்லா, டோலக், பாங்கோ, புல்லாங்குழல். எட்டுப் பேர், நான்கு பெட்டிகள், ஒரு மூட்டை. பேருந்தின் கூரைமேல் கருவிகளைக் கட்டிவிட்டு, மழை வந்தால் அவற்றை மூடத் தார்ப்பாயோடு உள்ளே காத்திருப்போம்.

மழையைவிட எங்களுக்குப் பெரிய பகை கடற்காற்று. தப்லாவின் தோல் ஈரத்தை உண்டால் தளர்ந்துவிடும். மாலையில் பாடகரின் சுருதிக்குச் சேர்த்து வைத்தது நள்ளிரவில் இறங்கிவிடும். அவர் அடுத்த அடியைப் பாடுவதற்குள் சுத்தியலால் விளிம்பை மெல்லத் தட்டி மேலேற்ற வேண்டும். அந்தத் தட்டும் தாளத்துக்குள்ளேயே விழ வேண்டும். பாங்கோவைப் பெட்ரோமாக்ஸ் விளக்கின் அருகே காட்டிச் சூடேற்றுவோம். கேட்பவர்களுக்கு இவை எதுவும் தெரியக்கூடாது. தாளக்காரனின் வேலை முழுவதுமே அப்படித்தான். பாடகர் ஒரு சொல்லில் உருகி நின்றுவிட்டால் அவர் திரும்பி வரும்வரை இடத்தைக் காத்து வைத்திருக்க வேண்டும். அவர் விரைந்தால் இழுத்துப் பிடிக்க வேண்டும், அவருக்கே தெரியாமல். கை வாசிக்கிறது என்று மக்கள் நினைப்பார்கள்; உண்மையில் வாசிப்பது காதுதான்.

பயணங்களில் நாங்கள் கற்றது தாளத்தைவிடத் தொழுகையின் சட்டங்களையே அதிகம் என்று சொல்வேன். கடலோரத்தைச் சேர்ந்த நாங்கள் ஷாஃபிஈ. ஆர்மோனியக்காரரும் டோலக்காரரும் உள்நாட்டு ராவுத்தர்கள், ஹனஃபி. மதுரைப் பக்கமோ திண்டுக்கல் பக்கமோ போகும்போது, வழியில் வண்டி நின்றால், நாங்கள் லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழுதுவிட்டுக் காலை நீட்டுவோம். அவர்களுக்குச் சுருக்குவது உண்டு, சேர்ப்பது இல்லை. அஸருக்காக இன்னொரு நிறுத்தத்தில் ஓட்டுநரிடம் கெஞ்சி இறங்குவார்கள். “உங்கள் இமாம் உங்களுக்கு இரக்கம் காட்டினார், எங்கள் இமாம் எங்களுக்குப் பொறுமை கற்றுக்கொடுத்தார்” என்பார் ஆர்மோனியக்காரர். இருபது ஆண்டுகள் இதே பேச்சு; ஒருநாளும் சண்டை இல்லை. இன்று ஒரே பள்ளிவாசலில் விரலசைப்பைப் பற்றி முகம் திருப்பிக்கொள்பவர்களைக் காணும்போது அந்தப் பேருந்துதான் என் நினைவுக்கு வருகிறது.

குழுவின் மூத்தவரான பாடகர் இரண்டு விதிகள் வைத்திருந்தார். பாங்கு கேட்டால், தாளம் முடிய இன்னும் நான்கு எண்ணிக்கை மீதமிருந்தாலும், கை அங்கேயே நிற்க வேண்டும். இரண்டாவது, கச்சேரி முடிந்தபின் சுபுஹு தொழாமல் எவரும் படுக்கக்கூடாது. இஷாவுக்குப் பின் தொடங்கும் கச்சேரி முடிய இரண்டு மணியாகும். விழாக் குழுவினர் கொடுக்கும் நெய்ச்சோற்றை உண்டுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில், கண்கள் எரிய எரிய, பாங்குக்காக உட்கார்ந்திருப்போம். சில இரவுகளில் எங்கள் ஊதியம் பேசியபடி வராது. பாடியவருக்குக் கொடுத்துவிட்டு ‘மற்றவர்களுக்குப் பிறகு பார்க்கலாம்’ என்பார்கள். வெறுங்கையோடு சுபுஹு தொழுத நாள்களும் உண்டு. அந்தத் தொழுகைகள் ஏனோ நெடுநாள் நெஞ்சில் தங்கின.

1978 முதல் ஒரு மெல்லிசைக் குழுவிலும் வாசித்தேன். அது திரைப்பாடல் மேடை. ஓர் இரவுக்கு இஸ்லாமியக் கச்சேரியைப் போல மூன்று மடங்கு ஊதியம் கிடைக்கும். பேசிய தொகை பேசியபடி கைக்கு வரும். பகலில் தையல், இரவில் தாளம். அப்போது எனக்குத் திருமணமாகி மூன்று குழந்தைகள். என் மனைவி கணக்கில் கண்டிப்பானவர். தையல் வருமானத்தை ஒரு தகர டப்பாவிலும் தாள வருமானத்தை மற்றொன்றிலும் போட்டு வைப்பார். தொடக்கத்தில் அது வரவு செலவு பார்ப்பதற்காக மட்டுமே.

ஒருநாள் ஹஜ்ஜுக்காகச் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம் என்று பேசினோம். எந்த டப்பாவிலிருந்து எடுத்து வைப்பது என்ற பேச்சு வந்தது. நான் சற்றும் யோசிக்காமல், “அந்தப் புனிதப் பயணத்துக்குத் தையல் காசுதான் பொருத்தம்” என்றேன். அவர் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “ஹஜ்ஜுக்கு ஆகாத காசு பிள்ளைகளின் வயிற்றுக்கு மட்டும் ஆகுமா?” என்று கேட்டார். குத்திக்காட்டும் குரல் இல்லை அது. தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

எங்கள் பள்ளிவாசலின் ஹஜ்ரத்திடம் போனேன். அல்லாஹ் அவர்களின் கப்ரை ஒளியாக்கி வைப்பானாக. அவர்கள் உடனே பதில் சொல்லவில்லை. எங்கே வாசிக்கிறேன், எதற்கு வாசிக்கிறேன், அங்கே மது புழங்குமா, ஆட்டம் நடக்குமா, தொழுகை தவறுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பிறகு அவர்கள் சொன்னவற்றின் சாரம் இது: “தம்பி, சட்டம் கேட்டால், நான் ஓதிய கிதாபுகளில் தஃபைத் தவிர மற்றவற்றுக்கு இடம் தேடித் தர என்னால் முடியாது. வேறு விதமாகச் சொல்லும் பெரியோர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் இழித்துப் பேசமாட்டேன். நீ வயிற்றுப்பாட்டுக்காரன். ஒரேயடியாக விட்டுவிடு என்று சொல்லிவிட்டு நான் என் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. சந்தேகமானதைக் குறைத்துக்கொண்டே வா. முழுவதையும் விட முடியாதவன் குறைப்பதையாவது விடக்கூடாது.”

‘குறைத்துக்கொண்டே வா’ என்ற அந்தச் சொல்தான் என் மீதி வாழ்க்கைக்கு எண்ணிக்கை போட்டுக்கொடுத்தது.

1986இல் மெல்லிசைக் குழுவிலிருந்து விலகினேன். அந்த மேடைத் தோழர்கள் நல்லவர்கள், எனக்காக இரங்கினார்கள். தாள டப்பா பாதிக்குக் கீழே இறங்கியது. வீட்டில் என் மனைவி எதுவும் பேசவில்லை. ஆனால் சில மாதங்கள் கழித்து ஒன்றைக் கவனித்தேன். அரிசி, பருப்பு, பால், பிள்ளைகளின் மருந்து ஆகியவை யாவும் தையல் டப்பாவிலிருந்து மட்டுமே போயின. வீட்டு வாடகை, மின்கட்டணம், சுண்ணாம்பு அடிக்கும் செலவு ஆகியவை தாள டப்பாவிலிருந்து போயின. மாதத்தின் இருபதாம் தேதிக்கு மேல் தையல் காசு தீர்ந்துவிடும்; அன்றிலிருந்து கஞ்சியும் துவையலும். மறு டப்பாவில் பணம் கிடக்கும். அவர் தொடமாட்டார். நானும் ‘தொடு’ என்று சொல்லவில்லை. இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. பிள்ளைகளின் வயிறு தையலுக்கு, தலைக்குமேல் கூரை தாளத்துக்கு என்று எங்கள் வீட்டில் எழுதப்படாத ஒரு சட்டம் அமைந்துவிட்டது. பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் இரவெல்லாம் தையல் இயந்திரத்தை மிதித்தேன். கால் ஓடவில்லை, நடந்தது.

ஆலிம்களின் கருத்து வேறுபாட்டை அறிந்துகொள்ள அவர்கள் பேசும் சபைகளில் நானும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். பட்டையும் மதுவையும் இசைக்கருவிகளையும் ஆகுமாக்கிக்கொள்வோர் வருவர் என்ற எச்சரிக்கை ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. மத்ஹபுகளின் அறிஞர்களில் பெரும்பாலோர் கருவிகளைத் தடுத்தே எழுதினார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ இஹ்யாவில் செவியேற்றலின் ஒழுங்குகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி, எப்போது எது ஏற்கும் என்று பிரித்துப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்களின் காலத்து நிகழ்ச்சிகளில் ஒன்று மட்டும் தாளக்காரனாகிய என்னை விட்டு அகலவில்லை. ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் மணநாளில் சிறுமிகள் தஃப் அடித்துக்கொண்டு, பத்ரில் ஷஹீதான தம் முன்னோரைப் புகழ்ந்து பாடினார்கள். நபியவர்கள் அங்கே வந்து அமர்ந்திருந்தார்கள். நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடையே இருக்கிறார் என்று ஒரு சிறுமி பாடியபோது, அதை விட்டுவிட்டு முன்பு பாடியதையே பாடும்படி அவளிடம் சொன்னார்கள்.

இதை முதன்முதலில் கேட்ட நாளில் என் கைகள் நடுங்கின. நபியவர்கள் நிறுத்தியது சொல்லை. தஃபின் ஒலி தொடர்ந்தது. தாளம் என்பது சுமக்கும் கழுதையைப் போன்றது. அதன்மேல் என்ன ஏற்றப்பட்டிருக்கிறது, அது எவ்வாசலில் போய் நிற்கிறது என்பதுதான் கேள்வி. இது சட்ட விளக்கம் அன்று, ஒரு தொழிலாளியின் புரிதல். தப்லா தஃப் ஆகிவிடாது என்பதையும் அறிந்தேதான் சொல்கிறேன். ஆனால் அந்நாள் முதல், ஒரு பாடலுக்கு வாசிக்க ஒப்புக்கொள்ளும் முன் அதன் வரிகளை வாங்கிப் படிக்கும் பழக்கம் வந்தது. இறைவனுக்குரியதைப் படைப்புக்குக் கொடுக்கும் வரி இருந்தால் பாடகரிடம் மெல்லச் சொல்வேன். சிலர் மாற்றிப் பாடினார்கள். சிலர் வேறு தாளக்காரனைத் தேடிக்கொண்டார்கள்.

1993இல் எங்கள் குழு மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போயிற்று. பினாங்கிலும் ஈப்போவிலும் நம் மக்கள் கூடிய மண்டபங்களில் கச்சேரி. ஓய்வு நாளில் ஒரு மலாய்க் குடும்பத்தின் திருமணத்துக்கு எங்களை அழைத்துப் போனார்கள். மணமகன் வருகையில் இளைஞர்கள் இரு வரிசையாக நின்று கொம்பாங் வாசித்தார்கள். ஒருபுறம் மட்டும் ஆட்டுத்தோல் கட்டிய, ஒரு கையால் பிடித்து மறு கையால் தட்டும் வட்டக் கருவி அது. நம் தஃபின் உறவு. ஒவ்வொரு குழுவும் தட்டியது முழுத் தாளம் அன்று. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தட்டினார். இன்னொருவர் விட்ட இடத்தில் மூன்றாமவர். எல்லாம் சேர்ந்தபோதுதான் தாளம் முழுமையாயிற்று. எவன் தனியே வாசித்தாலும் அது உடைந்த ஒலி. அவர்களும் ஷாஃபிஈ மக்கள். மணவீட்டுப் பெரியவர்கள் ஸலவாத்து ஓதியபடி உடன் நடந்தார்கள். கேரளத்தில் தஃப்முட்டு இருக்கிறது, இலங்கையின் கிழக்கில் பக்கீர் பைத் இருக்கிறது. கடல்தோறும் நம் சமுதாயம் கையில் ஏந்திப் போனது ஒரே ஒரு தோல் வட்டத்தைத்தான் என்று அன்று உணர்ந்தேன். ஊர் திரும்பியதும் வாங்கிய முதல் பொருள் ஒரு தஃப்.

அதற்குப் பிறகு குறைவது விரைவாகவே நடந்தது. அதில் பாதி என் விருப்பம், மீதி காலத்தின் விருப்பம். ரிதம் பேட் என்ற மின்கருவி எல்லா மேடைகளுக்கும் வந்துவிட்டது. தப்லா, டோலக், பாங்கோ மூன்றின் ஒலியையும் ஒருவர் இரண்டு குச்சிகளால் எழுப்பிவிடுவார். ஈரக்காற்று அதைத் தளர்த்தாது. அதற்குப் பேருந்துக் கட்டணமும் ஒரே ஆளுக்குத்தான். மூன்று குடும்பங்களின் அடுப்பு ஒரு பெட்டிக்குள் போயிற்று. எங்கள் டோலக்காரர் பழ வண்டி தள்ளினார். அவர் நோயுற்றபோது தாள டப்பாவில் இருந்ததை என் மனைவியே எடுத்துக் கொடுத்து, “இது உங்கள் தோழருக்கு ஆகும்” என்றார். அவருடைய ஜனாஸாவைச் சுமந்தபோது, ஆளுக்கு ஆள் தோள் மாற்றிக்கொள்ளும் அந்த நடையில் ஓர் ஒழுங்கு இருந்தது. வாழ்நாளெல்லாம் எங்களைத் தாங்கியவரை அன்று நாங்கள் தாங்கினோம்.

2007ஆம் ஆண்டு இறுதியில் நானும் என் மனைவியும் ஹஜ்ஜுக்குப் போனோம், அல்ஹம்துலில்லாஹ். இருபதாண்டுகளுக்கு மேல் சேர்ந்த தையல் காசு. கூடவே வாப்பா எழுதி வைத்த சிறு மனையின் விலை. தவாஃபில் இறங்கியபோது பழக்கத்தால் என் காது ஒரு தாளத்தைத் தேடிற்று. அங்கே தாளம் இல்லை. இலட்சக்கணக்கான பாதங்கள், ஒவ்வொன்றும் தன் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ற விரைவில். எண்ணிக்கை மட்டும் எல்லாருக்கும் ஒன்று: ஏழு. யாரும் யாருக்கும் தாளம் போடவில்லை. எவரும் தவறவும் இல்லை. என் தொழிலுக்கு அங்கே வேலை இல்லை என்பது எனக்கு வருத்தம் தரவில்லை. ஒரு சுமையை இறக்கி வைத்தது போலிருந்தது.

2012இல் தப்லாவை நிறுத்தினேன். எளிதாக நிறுத்தினேன் என்று சொன்னால் அது பொய்யாகும். நாற்பதாண்டுகள் மடியில் இருந்தது அது. அதன் நடுவிலிருந்த கரிய வட்டத்தை என் விரல்கள் கண்ணின்றியே அறியும். கற்றுக்கொள்ள விரும்பிய வேறோர் ஊர்க்காரருக்கு அதைக் கொடுத்தேன். விற்கவில்லை. அதன்பின் 2020வரை தஃப் மட்டும், நிக்காஹ் வீடுகளிலும் பெருநாள் கூட்டங்களிலும். மார்ச் மாதத்தில் ஊரடங்கு வந்தது. அத்துடன் வெளியூர் போவதும் நின்றது.

என் மனைவி 2018இல் அல்லாஹ்விடம் சேர்ந்தார். அவரைப் பற்றிய ஒன்றைச் சொல்ல வேண்டும். தாளக் காசை அடுப்பங்கரைக்குள் விடாதவர் அவர். ஆனால் பிள்ளைகளையும், பிறகு பேரப்பிள்ளைகளையும் மடியில் போட்டு முதுகில் தட்டி உறங்க வைக்கும்போது, அந்தத் தட்டல் எப்போதும் ஆறு எண்ணிக்கையில்தான் விழும்: முதல் தட்டு அழுத்தமாக, நான்காவது சற்று மெதுவாக. அது தாத்ரா. நான் சுவருக்கு அப்பால் பயிற்சி செய்ததைக் கேட்டுக் கேட்டு அவர் கைக்கு வந்தது. நான் அவருக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. அவரும் அதைத் தாளம் என்று நினைத்ததில்லை. காசைப் பிரித்து வைத்த அதே கையில் என் தாளம் தங்கியிருந்தது. அவர் கேட்ட அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல என்னால் முடிந்ததில்லை. பிரித்து வைக்க வேண்டியதைப் பிரித்து வைத்தும், அன்பைப் பிரிக்காமல் வாழ்ந்தும் அவரே ஒரு பதிலைத் தேடிக்கொண்டார் என்று எண்ணுகிறேன்.

இன்று நம் திருமண வீடுகளில் இரண்டு காட்சிகளைப் பார்க்கிறேன். ஒரு வீட்டில் கண்ணாடி அதிரும் ஒலிபெருக்கியில் எந்தச் சொல் என்றே தெரியாத பாட்டு. பாங்கு கேட்டாலும் நிற்பதில்லை. இன்னொரு வீட்டில் ஒரு தஃபைக் கண்டாலே முகம் சுளித்து, சிறுபிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கும் கடுமை. பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் பாடிய சிறுமிகளை அபூபக்ர் (ரலி) அவர்கள் கண்டித்தபோது, ‘விட்டுவிடுங்கள், இது பெருநாள்’ என்ற கருத்துப்பட நபியவர்கள் தடுத்த செய்தி இரு வீட்டாருக்கும் தெரிந்ததே. அதிலுள்ள இரக்கத்தையும் எல்லையையும் சேர்த்துப் பார்க்கும் வீடுகள் பெருகட்டும்.

என்னிடம் கேள்வி கேட்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் தொழில் கணினியாக இருக்கலாம், வணிகமாக இருக்கலாம், வங்கிக் கணக்காக இருக்கலாம். உங்கள் வீட்டிலும் இரண்டு டப்பாக்கள் இருக்கும். இல்லையென்றால் வைத்துப் பாருங்கள். தெளிவானதை ஒன்றில் போடுங்கள், ஐயமானதை மற்றொன்றில் போடுங்கள். முதலில் இரண்டாவது டப்பாவின் கனம் உங்களை அச்சுறுத்தும். அறிந்தவர்களிடம் கேளுங்கள். ஆண்டுக்கு ஆண்டு அதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அடுத்தவன் டப்பாவை எட்டிப் பார்க்காதீர்கள்.

வல்ல ரஹ்மான் நம் உழைப்பைத் தெளிவானதாக ஆக்குவானாக. நம் கைகள் செய்தவற்றுக்கு அவை சாட்சி சொல்லும் நாளில் நம்மை வெட்கப்படாமல் காப்பானாக. என்னோடு பயணம் செய்து எனக்கு முன்னே போய்விட்ட தோழர்களுக்கும், இரண்டு டப்பாக்களைக் காத்த அந்தப் பெண்மணிக்கும் ஃபிர்தவ்ஸை அருள்வானாக. ஆமீன்.